‘யார் வீட்டு ரத்தம்?’

(உசிலம்பட்டிப் பக்கத்து வாசகி ஒருவரின் கடிதம். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.)

“டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 26. என் தாய்மாமாவைத்தான் கட்டியிருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம். முதல் இரண்டு கருவும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டன. அப்புறம் பாப்பா பிறந்தாள். இப்போது 14 மாதம், எடை ஆறு கிலோதான். மேலண்ணம் பிளந்திருக்கிறது, குடிக்கிற பால் மூக்கு வழியாக வருகிறது. இரண்டு காதுக்கும் முன்னால் ஊசியால் குத்தினது போலச் சின்னத் துளை. இதயத்தில் ஓட்டை இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வாங்க என்றார்கள், நாங்கள் போகவில்லை. கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை. மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இமானுவேல் சிண்ட்ரோம், அம்மா அப்பா இரண்டு பேரும் ரத்தம் கொடுங்கள் என்றார்கள். ரிப்போர்ட்டில் 47,எக்ஸ்எக்ஸ்,+டெர்(22)டி(11;22) என்று போட்டிருக்கிறது. யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

என் மாமியார், அதாவது என் அம்மாச்சி, எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, ‘எங்க வம்சத்துல இப்படி ஒரு பிள்ளை பிறந்ததே இல்ல, இது உங்க அப்பன் வீட்டு ரத்தம்’ என்கிறார். ஊரில் ‘சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்’ என்கிறார்கள். மாமா ‘எனக்கென்ன குறை, நான் எதுக்கு ரத்தம் குடுக்கணும்’ என்கிறார். அடுத்த குழந்தையும் இப்படிப் பிறக்குமா? என் தங்கச்சிக்கு ஆண்டிபட்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ரிப்போர்ட் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று அம்மா சொல்கிறார். நான் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டேன். அதுதான் காரணமா?”

அன்புத் தங்கச்சிக்கு,

கிரகணத்தை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். கடிதத்தில் அது கடைசி வரியில் இருந்தாலும், 14 மாதமாக உங்களை அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. பாப்பாவுக்கு இருக்கும் கோளாறு அவள் கருவாவதற்கு முன்பே, கருமுட்டையிலோ விந்தணுவிலோ நடந்து முடிந்துவிட்டது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் விரல் விட்டு எண்ணிய அன்றைக்கே அவளுக்குக் குரோமோசோம், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழை, 46-க்குப் பதில் 47-தான். அதற்கப்புறம் கிரகணத்தில் நின்றாலும், பப்பாளி தின்றாலும், மாடிப்படி ஏறி இறங்கினாலும் அதில் ஒன்று கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

அடுத்து, வீட்டில் ஒன்றும் ஊரில் ஒன்றுமாகச் சொல்கிற அந்த இரண்டு பேச்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த ரத்தம் கெடுத்துவிட்டது என்கிறது ஒன்று. வெளி ரத்தம் கலக்காததால் கெட்டுப்போச்சு என்கிறது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை. ஆனால் இரண்டும் கடைசியில் உங்கள் தலையில்தான் வந்து விடிகின்றன, கவனித்தீர்களா?

சொந்தத்தில் கட்டினால் சில நோய்கள் வர வாய்ப்பு கூடும் என்பது உண்மை, அதை நான் மறைக்க மாட்டேன். தலசீமியா, பிறவிச் செவித்திறன் குறையில் சில வகைகள் போன்றவை அப்படிப்பட்டவை. அங்கே அம்மா அப்பா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். ஒரே வேரில் கிளைத்த இருவருக்கு அது ஒன்றாக அமைவது எளிது. பாப்பாவுடையது அந்தக் கணக்கு இல்லை. இதற்கு ஒரே ஒருவரிடம் குரோமோசோம் இடம் மாறி இருந்தாலே போதும். நீங்கள் அசலில் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கலாம். உறவு முறையே இல்லாத குடும்பங்களிலும் இதே கோளாறு, இதே 11, இதே 22 என்று வருகிறது.

அது எப்படி என்று சொல்கிறேன். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் பீரோவில் 23 ஜோடிச் சேலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேலைதான் குரோமோசோம். மொத்தம் 46. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உங்கள் அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. குழந்தைக்குக் கொடுக்கும்போது ஜோடிக்கு ஒன்றாக எடுத்து, 23 சேலையை ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்புகிறீர்கள். உங்கள் மாமா தன் பங்குக்கு 23 அனுப்புகிறார். பாப்பாவின் பீரோவில் மறுபடி 46. 

இதில் 11-ஆம் ஜோடி நீளமான பச்சைச் சுங்குடி. 22-ஆம் ஜோடி குட்டையான சிவப்புச் சுங்குடி. எந்தத் தலைமுறையிலோ, ஒரு பச்சையின் முந்தானை கிழிந்து, ஒரு சிவப்பும் ஓரத்தில் கிழிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. சிவப்பின் பெரும்பகுதி பச்சையோடு போய்விட்டது. சிவப்பின் மிச்ச முனையில் பச்சை முந்தானை வந்து ஒட்டி, சின்னதாக ஒரு ஒட்டுத் துண்டு உண்டாகிவிட்டது. இதுதான் டிரான்ஸ்லொகேஷன், இடமாற்றம். அந்த பீரோவில் துணி ஒரு முழம்கூடக் குறையவில்லை, கூடவுமில்லை. அதனால் அதன் சொந்தக்காரர் ஓடியாடி வேலை செய்து, கல்யாணம் கட்டி, எல்லாரையும் போல இருப்பார். இவரைத்தான் பேலன்ஸ்டு காரியர் என்கிறோம். ஏதோ ஒரு வகையில் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியவர்கள் ஏறக்குறைய 500 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்துப் பார்க்காதவரை அவர்களில் யாருக்கும் தெரியாது.

சிக்கல் மூட்டை கட்டும்போதுதான் வருகிறது. பாப்பாவுக்கு அனுப்பிய மூட்டையில் முழுப் பச்சை ஒன்று, முழுச் சிவப்பு ஒன்று, அதோடு அந்தச் சின்ன ஒட்டுத் துண்டும் சேர்ந்து போய்விட்டது. 23-க்குப் பதில் 24. மறுபக்கத்து 23-ஐச் சேர்த்தால் 47. அந்தத் துண்டில் உள்ள மரபணுக்கள் எல்லாம் இரண்டு பிரதி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பிரதி இருக்கின்றன. உப்பு கூடினாலும் குழம்பு கெடும் இல்லையா, அதுபோல மிகையும் ஒரு கோளாறுதான். மற்ற இடமாற்றங்களில் பெரும்பாலும் ஒரு துண்டு மிகையாகவும் இன்னொன்று குறைவாகவும் போய்ச் சேரும். எந்தத் துண்டு என்பதும் மாறும், அதனால் அந்த மற்ற வகைக் குழந்தைகளில் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு இப்படி ஒட்டிப்போன குரோமோசோம்தான் காரணம்.

இப்போது ரிப்போர்ட்டை எடுங்கள். 47 என்பது மொத்தம். எக்ஸ்எக்ஸ் என்றால் பெண். பிளஸ் என்றால் மிகையாக ஒன்று. டெர்(22) என்றால் 22-ஐ அடியாகக் கொண்டு உருமாறிய ஒன்று, நம் ஒட்டுத் துண்டு. டி(11;22) என்பது எந்த இரண்டுக்குள் இடமாற்றம் என்பது. கூடவே ஒரு படம் இருக்கும், கறுப்பு வெள்ளை வரி போட்ட புழுக்களை ஜோடி ஜோடியாக அடுக்கினது போல. அதில் 22-ஆம் ஜோடிக்குப் பக்கத்தில் மூன்றாவதாகச் சின்னதாக ஒன்று நிற்கும், அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அந்த எழுத்து வரிசையின் கடைசியில் ‘மேட்’ என்றோ ‘பேட்’ என்றோ போட்டிருந்தால், அம்மாவிடமிருந்து வந்தது அல்லது அப்பாவிடமிருந்து வந்தது என்று அர்த்தம். நீங்கள் எழுதி அனுப்பியதில் இரண்டும் இல்லை. அதாவது யாரிடமிருந்து வந்தது என்று பரிசோதனைக்கூடத்துக்கே இன்னும் தெரியாது. அம்மாச்சிக்கு மட்டும் தெரிந்துவிட்டது!

பேரைப் பார்த்து, இது வேதக்காரர்களுக்கு வருகிற நோயா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் இதைப் பல வருஷம் ஆராய்ந்த பெவர்லி இமானுவேல் என்ற பெண் விஞ்ஞானியின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். ஏன் எப்போதும் 11-உம் 22-உம்தான் என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. ‘விகடகவி’ என்ற சொல்லை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதானே? ஏறக்குறைய அந்த மாதிரி முன்னும் பின்னும் ஒத்துப்போகிற எழுத்து வரிசை 11-இல் ஓரிடத்திலும் 22-இல் ஓரிடத்திலும் எல்லா மனிதர்களுக்கும் இருக்கிறது. அந்த இடம் கொண்டை ஊசி போல மடங்கிக்கொள்ளும், மடங்கிய இடத்தில் எளிதாக முறியும். உங்கள் அப்பன் வீட்டிலும் அந்த இடம் உண்டு, அம்மாச்சி வீட்டிலும் உண்டு, எனக்கும் உண்டு.

அம்மாச்சி மீது எனக்குக் கோபமில்லை. அவர் பிறந்த காலத்துப் பாடப் புத்தகங்களில் மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் போட்டிருந்தது. 46-தான் என்று சரியாக எண்ணிச் சொன்னதே 1956-இல். எண்ணிக்கையே தெரியாத காலத்து ஆள், தனக்குத் தெரிந்த ஒரே விளக்கத்தைச் சொல்கிறார். ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். நீங்கள் அவருக்கு மருமகள் மட்டும் இல்லை, மகள் வயிற்றுப் பேத்தி. உங்கள் பீரோவில் பாதி உங்கள் அம்மா கொடுத்தது, அதில் பாதிக்குப் பக்கம் அம்மாச்சி வீட்டிலிருந்து வந்தது.

ஆகவே நாலு விதமாக இருக்கலாம். உங்களிடம் இடமாற்றம் இருந்து, அது உங்கள் அப்பா வழியாக வந்திருக்கலாம். உங்களிடம் இருந்து, அது உங்கள் அம்மா வழியாக, அதாவது அம்மாச்சியிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்திருக்கலாம். அப்படியென்றால் உங்கள் மாமாவிடமும் அது இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அவரும் உங்கள் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். உங்களிடம் இல்லாமல் மாமாவிடம் மட்டும் இருக்கலாம். இருவரிடமும் இல்லாமல் புதிதாக முளைத்ததாகவும் இருக்கலாம், ஆனால் இந்தக் கோளாறில் அது மிக மிக அபூர்வம். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மாவோ அப்பாவோ காரியராகத்தான் இருக்கிறார்கள். அம்மா வழியாக வருவதுதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லி நீங்கள் உடைந்துபோக வேண்டாம். முட்டை உருவாகும் விதத்துக்கும் விந்தணு உருவாகும் விதத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. உங்கள் உடம்பில் உங்கள் முட்டைகள் உண்டானபோது நீங்களே உங்கள் அம்மா வயிற்றில் இருந்தீர்கள். இதில் நீங்கள் செய்த தப்பு எங்கே வருகிறது?

உங்கள் மாமாவிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். ஐயா, உங்களுக்குக் குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ரத்தம் கேட்கவில்லை. காரியராக இருப்பது நோயே இல்லை, அதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. உங்கள் இருவரின் ரிப்போர்ட்டும் கையில் இருந்தால்தான், அடுத்த குழந்தையைப் பற்றி உங்கள் மனைவி கேட்கும் கேள்விக்கு ஒரு டாக்டர் எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடியும். உங்கள் மனைவி மட்டும் கொடுத்து, அவரிடம் இருப்பது தெரிந்து, உங்களிடமும் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும். இந்தக் கோளாறில், சொந்தத்தில் கட்டியதால் வரும் கூடுதல் வேலை இது ஒன்றுதான்.

பரிசோதனையின் பெயர் கேரியோடைப்பிங். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். இதைவிட உசத்தி என்று சொல்லி மைக்ரோஅரே, எக்ஸோம் என்று விலை கூடிய டெஸ்டைச் சிலர் எழுதித் தருவார்கள். குழந்தைகளுக்குக் காரணம் தேடும்போது அவை அருமையான பரிசோதனைகள்தான். ஆனால் மைக்ரோஅரே துணி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எடை போடும் தராசு. இடம் மாறி ஒட்டியிருப்பது அதற்குத் தெரியாது. உங்கள் இருவருக்கும் அதைச் செய்தால், நார்மல் என்று வந்து ஏமாற்றிவிடும். பழைய கேரியோடைப்தான் வேண்டும்.

ரத்தத்தைப் பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் டியூபில் எடுப்பார்கள். அதில் உள்ள வெள்ளை அணுக்களை உயிரோடு மூன்று நாள் வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்பதால், ஊரில் எடுத்து பஸ்ஸில் பார்சல் போடுவதெல்லாம் வேண்டாம். மதுரைக்கு நேரில் வந்து, காலையில் கொடுங்கள். ஒரு வருஷம் மேலூர்க் குடும்பம் ஒன்றை, யோசிக்காமல், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு வந்த பையன் கோரிப்பாளையம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் நாலு மணி நேரம் கிடந்த ரத்தத்தில் ஒரு செல்கூட வளரவில்லை. பாவம், அவர்களை மறுபடி வரவழைத்துக் குத்தினோம். என் தப்புதான்.

அடுத்த குழந்தை விஷயத்துக்கு வருவோம். உங்களில் ஒருவர் மட்டும் காரியர் என்று வந்தால், பிறக்கும் குழந்தை பாப்பாவைப் போல 47-உடன் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 2-லிருந்து 10 வரை. அம்மா காரியர் என்றால் மேல்பக்கம், அப்பா காரியர் என்றால் கீழ்ப்பக்கம். இதற்கு மேல் கரு கலைவதும் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கும். உங்களுக்குக் கலைந்த இரண்டும் இதனால் இருந்திருக்கலாம். சமநிலை தப்பிய கருக்களில் பெரும்பாலானவை மூன்று மாதம் தாண்டாது. மிச்சமுள்ள பெரும்பங்கு, நல்லபடியாகப் பிறக்கும் குழந்தைகள். அவர்களில் பாதிப் பேர் அம்மா அல்லது அப்பா மாதிரி காரியராக இருப்பார்கள், அவ்வளவுதான். இருவருமே காரியர் என்றால் எண்கள் மாறும், அதை நேரில்தான் பேச வேண்டும்.

கர்ப்பமானால் 11-லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலோ ஊசி போட்டு எடுத்துக் குழந்தையின் குரோமோசோமைப் பார்த்துவிடலாம். ஊசியால் கரு கலையும் ஆபத்து உண்டு, ஆனால் பழகிய கையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஸ்கேன் நார்மல் என்றால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், ஸ்கேனில் குரோமோசோம் தெரியாது. இந்தப் பரிசோதனைக்குச் சட்டப்படி படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கோளாறு தெரிந்தால் என்ன செய்வது என்பது முழுக்க உங்கள் முடிவு. 2021 சட்டத் திருத்தத்தின்படி, சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்றால் 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புதலோடும், அதைத் தாண்டினால் மருத்துவ வாரியத்தின் ஒப்புதலோடும் கருக்கலைப்புக்கு வழி உண்டு. வேண்டாம், பெற்றுக்கொள்கிறேன் என்றாலும் யாரும் உங்களைத் தடுக்க முடியாது. செயற்கைக் கருத்தரிப்பில் கருவைச் சோதித்துப் பார்த்து வைக்கும் முறையும் இருக்கிறது. சில லட்சம் ஆகும், ஒரே தடவையில் தங்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. கடன் வாங்கி அதற்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் வரும்வரை மட்டும் அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தங்கச்சி விஷயத்தில் உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பினால் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்கு அரை நாள் போதும். நீங்கள் காரியர் என்று வந்தால், உங்கள் தங்கச்சியும் காரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமாவிடம் மட்டும் இருக்கிறது என்று வந்தாலும் அவள் தப்பித்தாள் என்று விட்டுவிட முடியாது, உங்கள் அம்மாவைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் சொல்வது இதுதான்: ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, தங்கச்சியிடம் சொல்லியே ஆக வேண்டும். அது அவளுடைய உடம்பு. அவளும் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும். இல்லை என்று வந்தால் கதை முடிந்தது. இருக்கிறது என்று வந்தால், மாப்பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளோடு உட்கார்ந்து பேச நான் தயார். கல்யாணத்துக்கு முன்னால் சொல்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். உங்களுக்குக் கலைந்தது போல அவளுக்கும் இரண்டு மூன்று கலைந்து, காரணம் தெரியாமல் அவளும் ஒரு மாமியாரிடம் பேச்சு வாங்குவதைவிட அது மேல்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இத்தனை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். யார் ரத்தம், அடுத்த குழந்தை, தங்கச்சி, கிரகணம். பாப்பாவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. இதயத்துக்கு ஆறு மாதத்தில் வரச் சொன்னதை விட்டுவிட்டோம் என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

14 மாதப் பெண் குழந்தை சராசரியாக ஒன்பது கிலோவுக்கு மேல் இருக்கும். பாப்பா ஆறு கிலோ. குரோமோசோம் கோளாறு என்றால் எடை ஏறாது என்று யாராவது சொல்லி, நீங்களும் விட்டிருக்கலாம். அது பாதிதான் உண்மை. ஓட்டை பெரிதாக இருந்தால் இதயம் உழைக்கிற உழைப்பிலேயே சாப்பிட்டதெல்லாம் கரைந்துவிடும். பால் குடிக்கும்போது நெற்றி வியர்க்கிறதா, மூச்சு வாங்கி நடுவில் நிறுத்துகிறாளா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இந்த வாரமே எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்க வேண்டும். இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ய முடியும், அட்டையை எடுத்து வையுங்கள். கூடவே வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஒரு சிறுநீரகம் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

பால் மூக்கில் வருவது அண்ணப் பிளவினால். படுக்க வைத்து ஊட்டாதீர்கள். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, உங்கள் கை அவள் கழுத்துக்கு முட்டாக இருக்கட்டும். பால்புட்டியைவிட நம் வீட்டுப் பாலாடை நல்லது, ஆனால் மடமடவென்று சரிக்கக்கூடாது. பாலாடையின் மூக்கு நுனியால், வாய்க்குள் ஒரு கன்னத்தை ஒட்டிப் பாலை விட்டு, அவள் விழுங்கிய சத்தம் கேட்ட பிறகு அடுத்தது. இந்த வயதில் பாலை மட்டும் நம்ப வேண்டாம். கேப்பைக் கூழை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் கிண்டி, கொஞ்சம் நெய் விட்டு, சின்னக் கரண்டியின் நுனியில் கொடுங்கள். கெட்டியானது மூக்கில் ஏறுவது குறைவு. ஊட்டி முடித்து அரை மணி நேரம் தோளில் நிமிர்ந்தே இருக்கட்டும். ஊட்டும்போது இருமினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தாலோ, உணவு நுரையீரலுக்குள் போகலாம் என்று அர்த்தம். அப்போது கை வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

அண்ணப் பிளவைப் பொதுவாக 9 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் தைப்பார்கள். இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. பாப்பாவுக்கு இதயமும் எடையும் சம்மதிக்க வேண்டும், அதனால் கொஞ்சம் தள்ளிப்போகலாம். எந்த அறுவை சிகிச்சை என்றாலும், மயக்க மருந்து டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீங்களே காட்டுங்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்குக் கீழ்த்தாடை சின்னதாக இருக்கும், மூச்சுக் குழாய் போடுவது சிரமம். அது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

காதுக்கு முன்னால் உள்ள துளை அழகுக் குறை மட்டும்தான், சீழ் வைக்காதவரை தொட வேண்டாம். உள்ளே கேட்கிறதா என்பதுதான் கேள்வி. கைதட்டினால் திரும்புகிறாள் என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், குழந்தைகள் நிழலைப் பார்த்தும் திரும்பும். தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கும் பெரா டெஸ்ட் வேண்டும். கண்ணை அரவிந்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள், குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தடுப்பூசி எதையும் விடக்கூடாது.

பாப்பா எப்படி வளர்வாள்? உங்களுக்கு இதைச் சுற்றி வளைக்காமல் சொல்வதுதான் மரியாதை. குணமாக்கும் மருந்து இல்லை, ஸ்டெம்செல் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். வளர்ச்சி மிகவும் பின்தங்கியே இருக்கும். பேச்சு ஓரிரு சொற்களோடு நின்றுவிடலாம், வராமலும் போகலாம். ஆனால் பேசுவதைவிடப் புரிந்துகொள்வது அதிகமாக இருக்கும், அதனால் அவள் முன்னால் ‘ரத்தம்’ பேச்சுப் பேசாதீர்கள். நடைப் பயிற்சி கொடுத்தால், பத்தில் ஏழு பேருக்கு மேல் பிடித்துக்கொண்டாவது நடந்துவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து அதிகம் என்பது பிறந்த முதல் சில மாதங்களில்தான். அதைப் பாப்பா தாண்டிவிட்டாள். பெரியவர்களாகி வாழ்பவர்களும் இருக்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் செவித்திறன் சோதனையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும், பணம் கட்ட வேண்டாம். அங்கேயே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அது வழிவிடும். நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீட்டிலும் சேர்க்கலாம், வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். அரிய நோய்க்கு 50 லட்சம் தருகிறார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பட்டியலில் உள்ள, சிகிச்சை இருக்கிற சில நோய்களுக்கு. அதற்காக அலைந்து பஸ் காசைத் தொலைக்காதீர்கள்.

வரும்போது உங்கள் மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாச்சி வர விரும்பினால் வரட்டும், அவருக்கும் ஒரு நாற்காலி போடுகிறேன். பாப்பாவின் எல்லா ரிப்போர்ட்டோடும், நீங்கள் ஊட்டுகிற அந்தப் பாலாடையையும் கொஞ்சம் கூழையும் ஒரு தூக்கில் எடுத்து வாருங்கள். அவள் எப்படி விழுங்குகிறாள் என்று நான் முதலில் பார்க்க வேண்டும்.